மணியில்லாத கயிறு

"இனிமே அந்தச் சுவத்துப் பெட்டியை யாரும்மா பாத்துப்பா?" என்று லாரியில் ஏறும்போது பெரிய மதர் ஆயம்மாவைக் கேட்டார். கன்னியர் மடத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்ட நாள் அது.

"நான் இருக்கேனே மதர்," என்றாள் ஆயம்மா.

மடத்தில் பாத்திரம் துலக்கியவள், அதே கட்டடத்துக்கு வரி அலுவலகம் வந்ததும் துடைப்பம் பிடித்தாள். ஜெபக்கூடத்தில் மேசைகள் ஏறின. சிஸ்டர்கள் படுத்த அறைகளில் கோப்புக் கட்டுகள் படுத்தன. பின்சந்துச் சுவரில் பதித்த, சுழலும் மரப்பெட்டியை மட்டும் யாரும் தொடவில்லை. வளர்க்க வழியில்லாதவர்கள் இருட்டியபின் வந்து, பிள்ளையை அதில் கிடத்தி, உள்பக்கமாகச் சுழற்றி, கயிற்றை இழுத்துவிட்டுப் போவார்கள். உள்ளே மணி அடிக்கும். ஒருமுறை சுழற்றினால் கொக்கி விழுந்துவிடும். மனசு மாறினாலும் வெளியிலிருந்து திருப்ப முடியாது. விட்டுப்போகிறவரின் முகத்தைப் பார்க்காமல் பிள்ளையை எடுத்துக்கொள்வது மடத்து வழக்கம்.

போகிறவர் வருகிறவரெல்லாம் விளையாட்டுக்கு இழுக்கிறார்கள் என்று ஹெட் கிளார்க் மணியைக் கழற்றச் சொன்னார். கயிறு வெளியே தொங்கிக்கொண்டே இருந்தது.

"பெட்டியை அடைச்சிடுங்க சார். இல்லன்னா மணியை மாட்டுங்க."

"மடம் காலியானது ஊருக்கே தெரியும் ஆயம்மா. உனக்கு மட்டும்தான் இன்னும் பூசை நடக்குது." அலுவலகமே சிரித்தது.

அலுவலகப் பலகை முன்தெருவில் இருந்தது. இருட்டில் பின்சந்துக்கு வருகிறவர்கள் அதை எங்கே பார்த்தார்கள்? அதனால் தினமும் துடைப்பத்தைத் தொடும் முன் ஆயம்மா பெட்டியைத் திறந்து பார்த்துவிடுவாள். தொடர் விடுமுறை வந்தபோது அலுவலகச் சாவியைக் கேட்டாள்.

"லீவுல யாருக்குப் பெருக்கப் போற? பேய்க்கா?" சாவி ஹெட் கிளார்க்கின் பையோடு போய்விட்டது.

விடுமுறை முடிந்து அவள் பெட்டியைத் திறந்தபோது, துணியில் சுற்றிய ஆண் பிள்ளை ஒன்று விறைத்துக் கிடந்தது.

ஹெட் கிளார்க்குக்கு முகம் செத்துப்போயிற்று. தோட்டத்து மூலையில் அவரே நின்று குழி வெட்டவைத்தார். "யாராவது கேட்டா சிஸ்டருங்க வந்து எடுத்துக்கிட்டாங்கன்னு சொல்லு. வாயைத் திறந்த, வேலை போயிடும்."

மதியமே கொத்தனார் வந்துவிட்டார். செங்கல் பாதி ஏறியிருந்தபோது சந்தில் ஒரு சின்னப்பெண் வந்து நின்றாள். சட்டை மார்பில் பால் கசிந்து நனைந்திருந்தது.

"ஏன் அடைக்கிறீங்க?"

"எலித் தொல்லைம்மா," என்றார் விவரம் தெரியாத கொத்தனார். "ஜனங்க வரி கட்டுற காகிதத்தையெல்லாம் அதுங்க ஒழுங்கா படிச்சுடுதாம்."

அவள் சிரிக்கவில்லை. செங்கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஆயம்மாவின் கையைப் பிடித்தாள். "அக்கா, என் பிள்ளையை சிஸ்டருங்க எடுத்துக்கிட்டாங்கல்ல? கயித்தை நல்லா இழுத்து இழுத்துத்தான் விட்டேன்."

வேலை போனால் வீட்டில் உலை வைக்க முடியாது. சொல்லவேண்டிய பொய் ஆயம்மாவின் நாக்கு நுனியில் இருந்தது. "ம்... எடுத்து..."

"அழுதானா அக்கா?"

ஆயம்மா பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இங்க மடம் இல்லம்மா. மணியையும் கழட்டிட்டாங்க. உள்ள ஒரு ஆளும் இல்ல. நான் வந்து திறந்தப்போ உசிரு இல்லம்மா." ஆயம்மா தோட்டத்துப் பக்கம் கை காட்டினாள். "தோட்டத்துலதான் வச்சிருக்கு. வா, காட்டுறேன்."

கொத்தனாரின் கரண்டி நின்றது. அந்தப் பெண் ஆயம்மாவின் கையை விட்டாள். இரண்டு கைகளையும் மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ஆயம்மா பின்னாலேயே ஓடிக் கூப்பிடக் கூப்பிட, சந்தைக் கடந்து போய்விட்டாள்.