இல்லாத துப்பாக்கி

குழிக்குள் இறங்குவதற்கு முன் அந்தக் காவலர் தம் காலணிகளைக் கழற்றி, வெட்டிக் குவித்திருந்த செம்மண்ணின் ஓரத்தில் இணையாக வைத்தார். அப்படிச் செய்யும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை. பிறகு கடப்பாரையால் குழியின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் குத்திப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் இரும்பு பாறையில் மோதித் திரும்பியது.

“ஒண்ணும் இல்லீங்க சார். அடியில பாறைதான்.”

மேலே, பாடையில் ராஜேந்திரன் கிடந்தான். தலைமாட்டில் அவனுடைய அக்காள் ஈஸ்வரி நின்றாள். பத்தொன்பது ஆண்டுகளாக அவ்வூர் அங்கன்வாடியை நடத்துபவள். ஆகவே வயதில் மூத்தவர்களும் அவளை டீச்சர் என்றே அழைத்தார்கள். மலைக்கு எந்த அதிகாரி வந்தாலும் ஊர் சார்பில் முதலில் வாய் திறப்பவள் அவள்தான். இன்று காலையிலிருந்து அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. ஊர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டது.

உதவி ஆய்வாளர் குணசீலன் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். முப்பது வயதுக்கு மேல் இராது. “தப்பா நினைக்காதீங்க. துணியையும் ஒரு தடவ பிரிச்சுப் பாத்துட்டா எங்க வேலை முடிஞ்சுது. துப்பாக்கி இருக்குன்னு போன் வந்துச்சு. உள்ள வெச்சுப் பொதைச்சிருவாங்களோன்னு மேல சந்தேகப்படுறாங்க.”

“இன்னாத்த பாக்கப்போற?” செவ்வந்தி தரையிலிருந்து எழுந்தாள். ராஜேந்திரனின் மனைவி. அழுது அழுது அவள் குரல் ஆண்குரல் போலத் தடித்திருந்தது. “நேத்து ஆஸ்பத்திரில தலையிலேர்ந்து வயிறு வரைக்கும் அறுத்துப் பாத்தீங்களே, அதுக்குள்ள இல்லாத துப்பாக்கியா துணிக்குள்ள கீது?”

குழியிலிருந்து ஏறிய காவலர் பாடைத் துணியின் ஓரங்களைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, விலகிய இடத்தைத் தாமே சரிசெய்தார்.

காட்டுப்பன்றிக்காகப் பல வீடுகளில் நாட்டுத் துப்பாக்கி இருந்தது ஊருக்கும் தெரியும், காவல் நிலையத்துக்கும் தெரியும். சாமை கதிர்விடும் பருவத்தில் ஜீப் வரும். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஊர் எல்லையில் போட்டுவிடலாம், வழக்கு இல்லை என்று ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டுப் போகும். ராஜேந்திரன் வீட்டில் மட்டும் எக்காலத்திலும் துப்பாக்கி இருந்ததில்லை. வெடிச் சத்தம் அவனுக்கு ஆகாது. சிறுவயதில் தீபாவளி நாள் முழுவதும் அக்காளின் பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தவன் அவன்.

செவ்வந்தியின் பார்வை கூட்டத்தைத் தாண்டிப் புளியமரத்தடிக்குப் போயிற்று. அங்கே சின்னராஜ் தனியாக நின்றான். அடுத்த நிலத்துக்காரன். வரப்பிலிருந்த இரண்டு பலாமரங்கள் யாருடையவை என்பதில் இரு வீட்டுக்கும் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. விடியற்காலையில் யாரும் கூப்பிடாமலே மண்வெட்டியோடு வந்து குழியில் பாதியை அவன்தான் வெட்டினான்.

“போன் பண்ணவன் இங்கதான் நிக்கிறான்,” என்றாள் செவ்வந்தி. “நாலு பலாப்பழத்துக்கு ஒரு உசுரு. துன்னு. நல்லாத் துன்னு.”

“எம் பசங்க மேல சத்தியமா நான் பண்ணலக்கா.”

“நீ பண்ணல. போலீசு கனவு கண்டு வந்துச்சு,” என்றார் கூட்டத்தில் ஒருவர். இரண்டொருவர் மூக்கால் சிரித்தார்கள்.

ஈஸ்வரி பாடையின் மூங்கிலில் இருந்த ஒரு கணுவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று முன்தினம் அது. ராஜேந்திரன் கதவை உள்ளே தாழிட்டு மூன்றாம் நாள். தண்ணீரில் விஷம் கலந்திருக்கிறது, மாத்திரையிலும் விஷம் என்று சொல்லி ஒன்றும் உட்கொள்ளவில்லை. மனைவியையும் மகளையும் வெளியே தள்ளியவன், உள்ளிருந்து இடைவிடாமல் யாரையோ ஏசிக்கொண்டிருந்தான். இரண்டு ஆண்டுகளாக அடிவாரத்தில் மாதம் ஒரு நாள் நடக்கும் மனநல முகாமில் அவனுக்கு மாத்திரை கொடுத்தார்கள். கடைசி இரண்டு முறை அவன் வர மறுத்தான். ஈஸ்வரி வற்புறுத்தவில்லை. முகாம் வரிசையில் தம்பியோடு நிற்பதைத் தெரிந்தவர்கள் பார்ப்பதை அவள் விரும்பியதில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் பாறையில் ஏறினால்தான் கைபேசியில் சிக்னல் கோடு விழும். அங்கே நின்று முதலில் ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். இரத்தம் வருகிறதா, மயக்கமா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றாள். முரண்டு பிடிக்கிற ஆள் என்றால் போலீஸ் துணையோடுதான் வர முடியும் என்றார்கள். காவல் நிலையத்தைக் கூப்பிட்டாள். புத்தி சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். வீட்டுச் சண்டை என்றால் காலையில் வந்து மனுக் கொடுங்கள் என்றார்கள். மனநல உதவி எண்ணில் பேசிய பெண் மிகப் பொறுமையாகப் பேசினாள். “அவருகிட்ட போனைக் குடுங்க மேடம், நான் பேசிப் பார்க்கிறேன்.” பாறையின் மேலிருந்து, தாழிட்ட கதவுக்குள் கைபேசியை எப்படிக் கொடுப்பது என்று ஈஸ்வரி அவளுக்கு விளக்கவில்லை.

மறுநாள் அங்கன்வாடிக்கு மேற்பார்வையாளர் வருவதாக இருந்தது. ராஜேந்திரனின் வீடு அங்கன்வாடியிலிருந்து இருபது தப்படி. அவன் ஏசுவது குழந்தைகள் உட்காரும் பாய்வரை கேட்டது. தம்பி தூக்குப் போட்டுக்கொள்வானோ என்று அவள் பயந்தது உண்மை. நாளைக் காலைக்குள் இந்தச் சத்தம் நின்றாக வேண்டும் என்று எண்ணியதும் உண்மை. காவல் நிலையத்தை இரண்டாவது முறை அழைத்தபோது எது முன்னால் நின்றது என்று இந்த இரண்டு நாட்களாகத் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

“கையில நாட்டுத் துப்பாக்கி வெச்சிருக்கான் சார்,” என்றாள். பெயர், ஊர், வீட்டின் அடையாளம் எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னாள்.

ஒன்றரை மணி நேரத்தில் ஜீப் வந்தது. பலாமரத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டு, ஆயுதத்தைக் கீழே போடு என்று ஒலிபெருக்கியில் கத்தினார்கள். உள்ளே ஏச்சு நின்றது. சிறிது நேரம் கழித்துப் பின்கதவு திறந்து ராஜேந்திரன் வெளியே வந்தான். அவன் கையில் ஊதாங்குழல் இருந்தது. வெயிலில் அந்த இரும்புக் குழல் மின்னியது. நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவன் ஓடினான். அவன் ஓடிய பக்கத்தில் ஓடைக்கு இறங்கும் வழுக்குப் பாறை இருந்தது. அவன் கால் அதில் நிற்கவில்லை.

அன்று மாலை, உடலை மூடத் துணி எடுப்பதற்காக ஈஸ்வரி அந்த வீட்டுக்குள் போனாள். அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றியிருந்தது. பக்கத்தில், கழுவிக் கல்லரித்த சாமை ஒரு கிண்ணத்தில் இருந்தது.

“அம்மா, ஒரு நிமிஷம்.” குணசீலன் அவளை ஜீப்பின் மறுபக்கத்துக்கு அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கால் பண்ணது நீங்கன்னு இங்க யாருக்கும் நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன். ஆனா பொருள் கைக்கு வராம ஃபைலை மூட முடியாதும்மா. எங்க வெச்சிருப்பாரு?”

“இல்ல சார்.”

“இந்த நேரத்துல கஷ்டம்தான். யோசிச்சுச் சொல்லுங்க.”

“துப்பாக்கியே இல்ல சார். அப்படிச் சொன்னாதான் வருவீங்கன்னு சொன்னேன்.”

அவர் தொப்பியைத் திருப்பி அதன் உட்புறத்தைப் பார்த்தார்.

“அந்தக் கொழாயப் பாத்ததும் ஏட்டு ‘கன்னு சார்’னு கத்தினாரு. நானும் கத்தினேன். இல்லாத துப்பாக்கிக்கு நாலு பேரு எதுக்குச் சுத்தி வளைச்சீங்கன்னு எங்களைக் கேப்பாங்கம்மா. பொய்யாச் சொன்னது யாருன்னு உங்களைக் கேப்பாங்க. நீங்க கவர்மென்ட் வேலையில இருக்கீங்க.” அவர் மிரட்டவில்லை. களைத்துப்போன ஒருவர் இன்னொருவரிடம் வழியில் இருக்கும் பள்ளத்தைக் காட்டுவதுபோலச் சொன்னார். “இருந்துச்சுன்னே இருக்கட்டும். உங்களுக்கும் நல்லது.”

நெஞ்சில் ஏதோ தளர்வதை ஈஸ்வரி உணர்ந்தாள். அது நிம்மதி என்று தெரிந்ததும் அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ஊர்ப் பெரியவர் அருணகிரி ஒரு சாக்குப் பொதியைத் தோளில் வைத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி வந்தார். ஜீப்பின் முன்னால் அதைப் போட்டுப் பிரித்தார். கட்டையில் செப்புக் கம்பி சுற்றிய பழைய நாட்டுத் துப்பாக்கி.

“இந்தாங்க சார். ராசேந்திரன் துப்பாக்கி. என்னாண்ட குடுத்து வெச்சிருந்தான். எழுதிக்கினு கெளம்புங்க.”

“மாமா!” என்றாள் செவ்வந்தி. “அவரு எப்பத் துப்பாக்கி தொட்டாரு?”

“சும்மா இரு. பொழுது சாயுது. பொணத்த இன்னும் எத்தினி நேரம் வெளியில போட்டு வெப்ப?”

அந்தச் செப்புக் கம்பி அருணகிரியின் தகப்பனார் சுற்றியது என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். குணசீலனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் எதுவும் கேட்காமல் ஏட்டுக்குச் சைகை காட்டினார். ஏட்டு ஜீப்பின் முன்மூடிமேல் தாளை வைத்து எழுதினார்.

“வீட்டாள்ல படிச்சவங்க கையெழுத்து ஒண்ணு வேணும்.”

எல்லாரும் ஈஸ்வரிக்கு வழி விட்டார்கள். அவள் தாளைப் படித்தாள். மேற்படி இறந்தவருக்குச் சொந்தமான நாட்டுத் துப்பாக்கி ஒன்று என்று இருந்தது. மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தாள். எந்தப் பதிவேட்டிலும் ஒரு குழந்தையின் எடையைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதியவள் அல்லள் என்று அவளுக்கு ஊரில் பெயர் உண்டு. தலைப்பெழுத்தோடு முழுப் பெயரையும் எழுதித் தேதி போட்டாள்.

“அழாத டீச்சர்,” என்றார் அருணகிரி அருகில் வந்து. அவள் அழவில்லை. “அது போனாப் போவுது. வெச்சிருந்து எந்தப் பன்னிய சுட்டேன்? தம்பி நல்லபடியா மண்ணுக்குப் போவட்டும்.”

ஜீப் கொண்டை ஊசி வளைவில் திரும்பி மறைந்தது. பறையை மறுபடி அடிக்கத் தொடங்கினார்கள். ராஜேந்திரனை இறக்கினார்கள். செவ்வந்தி மகளின் கையைப் பிடித்து மூன்று முறை மண் போட வைத்தாள், தானும் போட்டாள். அடுத்துப் பங்காளிகள் போட்டார்கள். ஈஸ்வரி ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு தன் முறைக்காக நின்றாள். உறவில் பெரியம்மாள் முறையான செல்லி, அவள் தள்ளாடாதிருக்க முழங்கையைப் பிடித்திருந்தாள்.

சின்னராஜ் குழியருகே வந்து குனிந்து மண் எடுத்தான்.

“நீ போடாத,” என்றாள் செவ்வந்தி.

“அண்ணன்தாங்க்கா எனக்கு. மரம் வேற, இது வேற.”

“உங் கை மண்ணு அவரு மேல படக் கூடாது. கீழ போட்டுட்டுப் போ.”

அவன் கையை விரிக்காமல் நின்றான். யாரும் அவனுக்காகப் பேசவில்லை. பறை அடித்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். அவன் முதுகைக் காட்டித் திரும்பினான்.

“அவன் போடட்டும் செவ்வந்தி,” என்றாள் ஈஸ்வரி. “போன் பண்ணது நானு.”

செவ்வந்திக்கு விளங்கவில்லை. “இன்னாக்கா சொல்ற?”

“நாந்தான் போலீசுக்குப் பண்ணேன். துப்பாக்கி வெச்சிருக்கான்னு நாந்தான் சொன்னேன். சொன்னாதான் வருவாங்கன்னு.”

செல்லியின் கை முழங்கையிலிருந்து விலகியது.

“அன்னிக்கு மத்தியானம்,” என்றாள் செவ்வந்தி, ஒவ்வொரு சொல்லாக, “பாறையிலேர்ந்து எறங்கி வந்து என்னாண்ட இன்னா சொன்ன? ‘ஆஸ்பத்திரிக்காரங்க வராங்க, பயப்படாத’ன்னு சொன்ன.”

“சொன்னேன்.”

“நான் கும்பிட்டேனே உன்ன.”

செவ்வந்தி இன்னும் ஏதாவது கேட்பாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, முந்தானையால் அதன் கைமண்ணைத் துடைத்தாள்.

சின்னராஜ் திரும்பி வந்து மண் போட்டான். ஈஸ்வரியை அவன் பார்க்கவில்லை. அருணகிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தார். ஒருவர்பின் ஒருவராக மற்றவர்களும் குளிப்பதற்காக இறங்கினார்கள். அவளைக் கடந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மூடுவதற்கு மண்வெட்டியோடு இருவர் மட்டும் மீந்தார்கள்.

“நீங்க போடுறீங்களா டீச்சர்? நாங்க தள்ளட்டா?”

அவள் குழியின் விளிம்புக்கு வந்து கையை விரித்தாள். வியர்வையில் இறுகிப்போன மண் உதிரவில்லை. நான்கு விரல்களின் தடத்தோடு ஒரே கட்டியாக விழுந்தது.