மச்சானுக்கு நாலு கேசட்

ஓரிடத்தில் உட்கார எனக்கு வராது. கைக்கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு இது ஆகாத குணம். கண்ணாடியைக் கண்ணில் செருகி ஐந்து நிமிஷம் ஆவதற்குள் எழுந்து வாசலுக்கு வந்துவிடுவேன். கடை செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, வீடு கோவளத்தில். எழுபத்தொன்பதாம் வருஷக் கடைசியில் என் தங்கை லத்தீஃபாவும் என்னைப்போலவே ஆகியிருந்தாள். அடுப்பில் உலை வைத்துவிட்டுத் தெருமுனைக்குப் போவாள். தபால்காரர் சைக்கிள் நிற்காமல் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். உலை பொங்கி அடுப்பு அணைந்திருக்கும்.

அவள் புருஷன் மொய்னுதீன் சிங்கப்பூர் போய் இரண்டரை வருஷம். பக்ரீத்துக்கு வருகிறேன் என்றவன் வரவில்லை. நாலு மாசமாகக் கடிதமும் இல்லை. வருவானா மாட்டானா என்பது ஒன்றுதான் எங்கள் வீட்டுக் கேள்வி. அதை வாய்விட்டுக் கேட்கத்தான் ஆளில்லை. லத்தீஃபா மட்டும் வாரம் தவறாமல் எழுதினாள். 'மச்சானுக்கு, லத்தீஃபா எழுதிக்கொண்டது' என்று தொடங்கும். கவரின் மேல் இங்கிலீஷில் விலாசம் எழுதுவது என் வேலை.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து நான் வீட்டுக்கு வந்த கையோடு, சதுரங்கப்பட்டினம் மதார் சாகிப் வந்தார். மொய்னுதீனோடு அங்கே ஒரே தெருவில் வேலை பார்க்கிறவர். போன வாரம்தான் கப்பலில் மெட்ராஸ் வந்து இறங்கியிருந்தார். ஒரு பிளாஸ்டிக் பையை லத்தீஃபாவிடம் நீட்டினார்.

"மொய்னுதீன் குடுத்துவுட்டாரும்மா. ஒரு மிசினு, நாலு கேசட்டு."

"அவங்க எப்ப வராங்களாம்?"

மதார் சாகிப் டீ கிளாஸைப் பார்த்தார். "வருவாரு. வேலை கொஞ்சம் ஜாஸ்தி."

பிரியாணி தயாராக இருந்தது. சாப்பாட்டுக்கு ஒருநாளும் வேண்டாம் என்று சொல்லாத மனிதர், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

லத்தீஃபாவின் காதில் கேசட் என்ற சொல் மட்டும்தான் விழுந்திருந்தது. அந்த நாளில் சபர் என்று வெளிநாடு போனவர்கள் கடிதம் எழுதச் சோம்பினால் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். பக்கத்து வீட்டு சம்சாத் பேகத்துக்குக் குவைத்திலிருந்து மகன் பேச்சு அப்படித்தான் வரும், தெருவே உட்கார்ந்து கேட்கும். லத்தீஃபா செருப்புக்கூடப் போடாமல் ஓடி சம்சாத் பேகத்தின் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாயை விரித்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள், அவன் எதிரில் உட்காருகிற மாதிரி. பிறகுதான் பையைப் பிரித்தாள்.

கறுப்பாக, தட்டையாக நாலு வில்லைகள். ஒன்றை டேப் ரிக்கார்டரில் வைத்துப் பார்த்தாள், மூடவில்லை. திருப்பி வைத்தாள்.

"இதுல சக்கரமே இல்லியேண்ணா."

பையில் உள்ளங்கைக்கு அடங்காத நீளத்தில் இன்னொரு சாமான் இருந்தது. வில்லையை அதன் தலையில் செருகித் தள்ளினேன். பீங் என்று ஒரு சத்தம். தபால்தலை அளவு கண்ணாடியில் சின்னச் சின்னக் கறுப்புக் கட்டங்கள் வரிசையாக நின்றன. கீழே ஒரு கோடு, குமிழைத் திருகினால் இடமும் வலமும் ஓடியது.

"விளையாட்டுச் சாமான்மா இது."

"பேச்சு இல்லியா?"

"இல்லை."

"நாலுலயுமா?"

ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். ஒன்றில் பந்தால் செங்கல் சுவரை உடைக்க வேண்டும். ஒன்றில் பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்க வேண்டும். ஒன்றில் வானத்தில் வருகிற கப்பலைச் சுட வேண்டும். இன்னொன்றில் கார், மேலிருந்து வருகிற வண்டிகளில் முட்டாமல் ஓட்ட வேண்டும். நாலிலும் பீங், பீங் என்பதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. லத்தீஃபா டேப் ரிக்கார்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். மொய்னுதீன் என்ன பேசினான் என்று சம்சாத் பேகம் கேட்பது எனக்குக் கேட்டது.

"நல்லா கீறாங்களாம் மாமி," என்றாள் லத்தீஃபா.

அதற்குப் பிறகு அந்தச் சாமானை அவள் கீழே வைக்கவில்லை. செங்கல் கேசட்தான் அவளுக்குப் பிடித்தது. ஒரு கையால் குழம்பைக் கிண்டிக்கொண்டு மறு கையால் குமிழைத் திருகுவாள். சுவர் முழுக்க உடைந்ததும் புதுச் சுவர் எழும்பி நிற்கும், அதையும் உடைப்பாள். வீடே பீங் பீங் என்று அடித்துக்கொண்டது, எனக்கு மண்டை காய்ந்தது. ஒருமுறை பிடுங்கிப் பார்த்தேன். குமிழின் ஓரம் வழவழத்திருந்தது, கைவியர்வை ஏறியிருந்தது. கடிகார வார் பார்த்துப் பழகிய கண் எனக்கு. இது அவளிடம் இருந்த மூன்று நாளில் வந்த தேய்மானம் இல்லை. பழைய சாமானையா அனுப்பினான் கஞ்சன் என்று நினைத்தேன், அதோடு விட்டேன்.

செவ்வாய்க்கிழமை சத்தம் நின்றது. பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. "இன்னைக்கே போட்டுக் கொண்டாந்துடு," என்றாள் லத்தீஃபா. கடைக்கு எடுத்துப்போனேன்.

மத்தியானம் முனிசாமி வந்தான். செங்கல்பட்டு - கோவளம் பஸ்ஸில் கண்டக்டர். நானும் மொய்னுதீனும் ஒரு காலத்தில் அவன் பஸ்ஸில்தான் கடைக்கு வந்து போவோம். டிக்கெட் எடுக்காதவனைக்கூட மச்சான் என்றுதான் திட்டுவான்.

"இன்னா மச்சான், வாட்ச்ச வுட்டுட்டு இன்னாத்தையோ நோண்டிகினு கீற?"

மொய்னுதீன் மதார் சாகிப்பிடம் கொடுத்தனுப்பியது என்று சொல்லிக்கொண்டே முதுகுப்பக்கத்து மூடியைத் திறந்தேன். பழைய பேட்டரியை இழுத்ததும் அதன் அடியிலிருந்து நாலாக மடித்த துண்டுக் காகிதம் விழுந்தது. முனிசாமி எடுத்துப் பிரித்தான். ஊதா மையில் ஒரே ஒரு சொல்.

"மச்சானுக்கு," என்று படித்தான். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா. எனக்குத்தான் குடுத்துவுட்டுகிறான். மதார் சாகிப் கண்ல படாம உள்ளார வெச்சிகிறான் பாரு."

"உனக்கா? நான் அவன் பெண்டாட்டிக்கு அண்ணன். மச்சான் நான்தான்."

"நீ மொறைக்கு மச்சான். என்னைக்காச்சும் உன்னை அப்டி கூப்ட்டுகிறானா? கியாசு பாய், கியாசு பாய்ன்னுவான். என்னைத்தான் வாய் நெறைய மச்சான்னுவான்."

அது உண்மை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் பிடுங்க, நான் பிடுங்க, கடைசியில் விளையாடியே தீர்த்துக்கொள்வது என்று முடிவானது. புதுப் பேட்டரி போட்டேன். கட்டை சாய்ப்பதில் நான் ஜெயித்தேன். கப்பல் சுடுவதில் அவன். கார் ஓட்டும்போது வெளியே டிரைவர் கேசவன் ஹாரனை அமுக்கிப் பிடித்தார், பஸ்ஸிலிருந்து ஜனங்கள் தலையை நீட்டித் திட்டினார்கள். இரண்டு பேருமே காரை முட்டிவிட்டோம். நாற்பது வயதை நெருங்கும் இரண்டு தடியன்கள், ஒரு பொம்மைக்கு.

"லத்தீஃபாவே சொல்லட்டும்," என்றான் முனிசாமி. கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு அதே பஸ்ஸில் ஏறினேன். கோவளத்தில் வண்டி திரும்ப அரை மணி ஆகும். டிக்கெட் பையோடு அவனும் என்னோடு வீட்டுக்கு வந்தான்.

லத்தீஃபா வாசலிலேயே நின்றிருந்தாள். சாமானுக்குக் கையை நீட்டினாள். முனிசாமி காகிதத்தை முதலில் நீட்டினான்.

"தங்கச்சி, பேட்டரிக்குள்ளாற இது இருந்துச்சி. உன் வூட்டுக்காரன் மச்சான்னு கூப்புடுறது என்னையா, இவனையா? நீயே சொல்லு."

அவள் படித்தாள். திருப்பிப் பார்த்தாள், பின்னால் ஒன்றுமில்லை. மறுபடி படித்தாள்.

"இது அவங்க எழுத்து இல்ல."

"கடைக்காரன் எழுதிக் குடுத்திருப்பான்," என்றேன்.

"சிங்கப்பூர் கடைக்காரன் எதுக்குண்ணா தமிழ்ல மச்சானுக்குன்னு எழுதுறான்?"

நான் வாயைத் திறக்குமுன் அவளே மெதுவாகக் கேட்டாள். "நான் லெட்டர் எழுதினா மொதல்ல இன்னா எழுதுவேன்?"

பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டதுபோல நானும் சட்டென்று சொன்னேன். "மச்சானுக்கு, லத்தீஃபா..."

வழவழத்த குமிழ் ஞாபகம் வந்தது. பிரியாணியை விட்டு ஓடிய மதார் சாகிப் ஞாபகம் வந்தது. எவளோ ஒருத்தி ஆசையாகப் பேட்டரிக்குள் எழுதி வைத்துக் கொடுத்ததை, மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல் விளையாடிச் சலித்து, இங்கே தள்ளிவிட்டிருக்கிறான். அதற்கு நானும் இவனும் மல்லுக்கு நின்றிருக்கிறோம்.

முனிசாமி தரையைப் பார்த்தபடி டிக்கெட் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தான். "நான் வரேன் தங்கச்சி," என்று சொல்லிவிட்டுப் போனான். போகும்போது என்னை மச்சான் என்று கூப்பிடவில்லை.

நான் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். காலையில் சதுரங்கப்பட்டினம் போய் மதார் சாகிப் சட்டையைப் பிடிக்கிறேன் என்றேன். கப்பலேறிப் போய் மொய்னுதீனை இழுத்துவருகிறேன் என்றேன். பாஸ்போர்ட்கூட இல்லாதவன்.

"குந்துண்ணா," என்றாள் லத்தீஃபா. "நீ நடந்தா எனக்குத் தலை சுத்துது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். நாலு மாசமாக வாசலுக்கும் அடுப்புக்கும் அலைந்தவள், பாயில் சம்மணம் போட்டு அசையாமல் உட்கார்ந்தாள். என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டாள். அந்தத் துண்டுக் காகிதத்தில், ஊதா மைச் சொல்லுக்குக் கீழே, தன் குண்டு எழுத்தில் எழுதினாள்: மச்சானுக்கு. பேனாவை மூடினாள்.

"வேற ஒண்ணும் எழுதலையா?"

"எதுக்கு? ரெண்டு பேரு கூப்புடுறோம். யாரு கூப்புட்டதுக்குத் திரும்பிப் பாக்குறாங்கன்னு தெரியட்டும். நோம்புப் பெருநாளுக்குள்ள வரணும். வரலைன்னா ஜமாத்துல தீத்துவுடச் சொல்லி எழுதிக் குடுத்துடுவேன். நீ குறுக்க பேசக்கூடாது."

"சாமானையும் அனுப்பிடலாமா?"

"அது இங்கயே கிடக்கட்டும். எனக்கு அனுப்பினது தானே."

காகிதத்தைக் கவருக்குள் போட்டு ஒட்டி என்னிடம் தந்தாள். மாடி எண், தெரு, சிங்கப்பூர். கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிற விலாசம் எனக்கு. அன்றைக்குப் பேனா ஓடவில்லை. இத்தனை மாசம் நான் எழுதிய இதே விலாசத்தில், கதவைத் திறந்து தபால்காரரிடம் கையை நீட்டியது யார் என்று அப்போதுதான் யோசித்தேன்.

"எழுதுண்ணா," என்றாள் லத்தீஃபா. "அவளும் படிக்கட்டும்."