சுவருக்கு அந்தப் பக்கம் தெங்கோ

சுராயா ஸ்பானிஷ் படிப்பது எங்கள் சந்து முழுவதற்கும் தெரியும். தெரியப்படுத்தியது நான்தான். மலைக்கோட்டைக்குக் கீழே, எங்கள் வீட்டுக்கும் அவள் மாமியார் ஷரபுன்னிசா வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். காதை மூடிக்கொண்டா குடியிருக்க முடியும்? மிச்சத்தை இப்போதுதான் சொல்கிறேன். ஷரபுன்னிசா மவுத்தாகி வருஷம் ஆகிவிட்டது.

ஐம்பத்தேழில் சுராயாவின் புருஷன் முஜிபுர் ரஹ்மான் ஸ்பெயின்காரர்களின் தீவு ஒன்றுக்கு, சிந்தி சேட்டின் துணிக்கடை வேலைக்குப் போனான். பாஷை படி, கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று புத்தகம் அனுப்பினான். பத்தாவது படித்தவள், தினம் மதியம் சத்தம் போட்டுப் படிப்பாள்.

"தெங்கோ, தியேனெஸ், தியேனே, தெனேமோஸ்…"

என்னிடம் இருக்கிறது, உன்னிடம் இருக்கிறது என்று அர்த்தமாம்.

"ஒரே சொல்லு இத்தனை வேஷமா போடும்?" என்று கேட்டேன்.

"இது இல்லாம அங்க ஒண்ணும் நடக்காதுக்கா. பசிக்குதுன்னா, பசி வச்சிருக்கேன்னு சொல்லணும். குளிரும் அப்படித்தான், வயசும் அப்படித்தான்."

"புருஷன்?"

"அதுக்கும் இதேதான்." முக்காட்டை இழுத்துவிட்டுச் சிரித்தாள்.

இரண்டு வருஷம் கழித்துத் தடியாக ஒரு கவர் வந்தது. சர்க்கரை கடன் கேட்கும் சாக்கில் டம்ளரோடு போய் நின்றேன். எழுத்து தெரியாத ஷரபுன்னிசா, "என்ன எழுதியிருக்கான்?" என்றார்.

சுராயா காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்காங்களாம் மாமி. சேட்டு லீவு தரலையாம்."

கவரிலிருந்த போட்டோ அவள் முந்தானைக்குள் போனதை நான் பார்த்துவிட்டேன். கொல்லைக் குழாயடியில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"அவங்க எழுதலக்கா. அங்க அவங்க பொண்டாட்டி எழுதியிருக்கா. நான் தங்கச்சின்னு சொல்லி வச்சிருக்காங்களாம். நாத்தனார் ஸ்பானிஷ் படிக்குதுன்னு அவளுக்கு ரொம்ப சந்தோஷமாம். ஒரு பையன் இருக்கானாம், ஆறு மாசம்."

"சரியாப் படிச்சியாடி? தப்பா இருக்கப் போவுது."

"அந்தத் தெங்கோங்கிற சொல்லுல எனக்குத் தப்பு வராதுக்கா." குழாயை மூடினாள். "மாமிக்கு நெஞ்சு வலி இருக்கு. சொல்லிடாதீங்க."

மறுநாள் மதியம் சத்தம் இருக்காது என்றுதான் நினைத்தேன். அதே நேரத்துக்குத் தொடங்கியது. வாசலில் பூக்காரியிடம் ஷரபுன்னிசா, "எம் மருமக சீக்கிரம் கப்பலேறிடுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கேட்டார்:

"ஏன் மயிலம்மா, இவளுக்கு ஏன் தொண்டை இப்படிக் கட்டியிருக்கு?"

"சளியா இருக்கும்" என்றேன்.