மேயரின் வயிறு

அந்த வீட்டில் இரண்டு வயிறுகள் உப்பியிருந்தன. ஒன்று ஹெட்விகாவின் அப்பா லுபோமிருடையது, கிறிஸ்துமஸிலிருந்து. இன்னொன்று மேயருடையது, போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து. மேயர் ஒரு மீன். இரண்டு பேரில் யார் அதிகமாக உயிரை வாங்குகிறார்கள் என்று ஹெட்விகாவைக் கேட்டால் யோசிக்காமல் அப்பாவைத்தான் காட்டுவாள். மீனாவது வாயைத் திறந்து பொய் சொல்லாது.

ஓலொமௌட்ஸ் நகரில், ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் உள்ள அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. அம்மா செத்த பிறகு அப்பா தன் துணிமணிகளை இரண்டு பைகளிலும், தன் டிஸ்கஸ் மீன்களை ஒரு லாரியிலும் ஏற்றிக்கொண்டு மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஆக, கூடத்தில் எதிரெதிர்ச் சுவரில் இரண்டு தொட்டிகள். அவருடையதில் தட்டுப்போல வட்டமான டிஸ்கஸ்கள், இறைச்சி தின்று கொழுப்பவை. அவளுடையதில் ட்ரோஃபியஸ்கள். ஆப்பிரிக்க ஏரி மீன்கள், கறுத்த உடம்பில் மஞ்சள் பட்டை போட்டவை, காலையிலிருந்து விளக்கு அணைக்கும் வரை கல்லில் பாசியைச் சுரண்டித் தின்பவை. சுத்த சைவம். அவற்றின் குடல் உடம்பைவிடப் பல மடங்கு நீளம், இறைச்சியைப் போட்டால் உள்ளேயே தங்கி அழுகிவிடும். இதை ஹெட்விகா அப்பாவிடம் சொல்லாத நாளில்லை.

அப்பாவும் ஒன்றும் தெரியாதவர் இல்லை. ஊர் மீன் வளர்ப்போர் சங்கத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஆனால் அந்தக் காலத்து டிஸ்கஸ்காரர்களுக்கு ஒரே ஒரு மதம்தான் உண்டு. அதன் பெயர் மாட்டு இதயம். சனிக்கிழமை கசாப்புக் கடைக்குப் போய் இதயம் வாங்கி, கொழுப்பையும் நரம்பையும் வழித்தெடுத்து, கீரையோடு அரைத்து, பையில் தட்டையாகப் பரப்பி உறைய வைப்பார்கள். பிறகு சாக்லேட் மாதிரி ஒடித்து ஒடித்துப் போடுவார்கள். உலகத்தில் எந்த மீன் இளைத்திருந்தாலும் அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஹெட்விகா தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பா சோபாவில் உட்கார்ந்து ட்ரோஃபியஸ்களைப் பார்த்திருக்கிறார். மனசு இளகிவிட்டது. பாவம், பெற்ற மகளின் மீன்கள் கஞ்சிக்கு வழியில்லாததுபோல வெறும் கல்லை நக்குகின்றனவே என்று ஒரு துண்டை ஒடித்துப் போட்டிருக்கிறார். அடித்துப் பிடித்து முதலில் வந்தது மேயர். மேயர்தான் அந்தக் கூட்டத்தில் பெரிய ஆண். மற்ற மீன்களை விரட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாததால்தான் அப்பா அந்தப் பெயர் வைத்தார். மற்றவை வந்து சேர்வதற்குள் முக்கால்வாசியை விழுங்கிவிட்டது.

புதன்கிழமை மேயர் யாரையும் விரட்டவில்லை. தொட்டியின் மேல் மூலையில், சூடேற்றியின் பின்னால் ஒதுங்கி நின்றது. ஹெட்விகா பாசித்தூள் உணவைத் தூவினாள். மேயர் வந்தது, ஒரு துகளை வாயில் எடுத்தது, துப்பியது. மறுபடி எடுத்தது, மறுபடி துப்பியது. ட்ரோஃபியஸ் வளர்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும், எடுத்துத் துப்ப ஆரம்பித்தால் உள்ளே கோளாறு என்று. பக்கவாட்டில் பார்த்தாள், வயிறு உருண்டிருந்தது. ஆசனவாயில் வெள்ளை நூல் தொங்கியது. செதில்கள் மட்டும் படிந்தே இருந்தன, தேவதாருக் காய் மாதிரி விரிந்து நிற்கவில்லை. விரிந்திருந்தால் சிறுநீரகமே போய்விட்டது என்று அர்த்தம், அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. இது குடல் வீக்கம். பிழைக்க வழியுண்டு.

உடனே சிறிய தொட்டியொன்றைத் தயார் செய்து மேயரைத் தனியே மாற்றினாள். பட்டினி போட்டாள். தண்ணீரில் பேதி உப்பு கரைத்தாள், சூட்டைக் கொஞ்சம் ஏற்றினாள், கால்நடை மருத்துவரிடம் ஓடி மெட்ரோனிடசோல் மருந்து வாங்கி வந்து கலந்தாள். வெளிச்சம் படாமல் துணியைப் போர்த்தினாள். அப்பாவைக் கூப்பிட்டு, இனி இந்தத் தொட்டிக்குள் காற்றைத் தவிர எதுவும் போகக்கூடாது என்று ஒவ்வொரு சொல்லாக அழுத்திச் சொன்னாள். அவர் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அன்று மத்தியானச் சாப்பாட்டில்தான் அவள் அவரைச் சரியாகப் பார்த்தாள். முகம் ஒட்டிப்போய், வயிறு மட்டும் மேசையில் இடித்தது. இடுப்புவார் எட்டாததால் கால்சட்டையைத் தூக்கிப் பிடிக்கும் தோள்வாருக்கு மாறியிருந்தார். கேட்டால் முட்டைக்கோசு என்பார், வாயு என்பார், பீர் என்பார், குளிர்காலம் என்பார். குடும்ப மருத்துவர் கோலாஷோவாவிடம் ஜனவரியில் நேரம் வாங்கிக் கொடுத்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் டிராமில் ஏறி நேராகச் சங்கம் கூடும் பீர்க்கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். மறுபடி நேரம் வாங்கினாள். டிஸ்கஸ் முட்டையிடுகிறது, விட்டுவிட்டு வர முடியாது என்றார். ஒரு மனுஷிக்கு எவ்வளவுதான் பொறுமை இருக்கும்?

வெள்ளிக்கிழமை அவளே பீர்க்கடைக்குப் போனாள். சங்கத் தலைவர் மிலோஷும் அப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் கோப்பையில் நுரை அடங்கிப்போயிருந்தது, ஒரு வாய்கூடக் குறையவில்லை. ஊரே கேட்கட்டும் என்று அவள் ஆரம்பித்தாள். மீனுக்கு வயிறு வீங்கினால் ராத்திரி பகல் பார்க்காமல் புத்தகம் புரட்டுகிற மனுஷன், தன் வயிற்றை ஒரு டாக்டர் தொட விடமாட்டேன் என்கிறாரே, இது என்ன நியாயம் என்று மிலோஷைக் கேட்டாள். மிலோஷ் மீசையைத் துடைத்துக்கொண்டு, பொம்பளைப் பிள்ளை கேட்பதில் நியாயம் இருக்கிறது என்றார். மாட்டிக்கொண்ட அப்பா தப்பிக்க ஒரு வழி தேடினார்.

"சரி. உன் மேயரோட வயிறு இறங்கட்டும். அன்னிக்கே நானும் என் வயித்தைக் காட்டறேன்."

ஹெட்விகா கையை நீட்டினாள். அவர் பிடித்தார். மிலோஷ் தன் உள்ளங்கையைக் கத்திபோல வைத்து, பிடித்திருந்த இரண்டு கைகளையும் வெட்டிப் பிரித்தார். மூன்றாம் ஆள் கையால் வெட்டிவிட்டால் பந்தயம் பந்தயம்தான், அந்த ஊரில் அதற்குமேல் சாட்சி வேண்டாம். அப்பா அவருடைய வாழ்நாளில் டாக்டரை ஏமாற்றியிருக்கிறார், மகளை ஏமாற்றியிருக்கிறார், டிராம் பரிசோதகரைக்கூட ஏமாற்றியிருக்கிறார். வெட்டிய பந்தயத்தை மீறியதில்லை. ஹெட்விகா நிம்மதியாக வீட்டுக்கு வந்தாள். மேயரை எப்படியாவது தேற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். அப்பாவின் உயிர் இப்போது அந்தச் சின்னத் தொட்டியில் இருந்தது.

அடுத்த சில நாட்கள் அவள் மேயரின் காலடியிலேயே கிடந்தாள் என்று சொல்லலாம், மேயருக்குக் கால் இருந்திருந்தால். தபால் அலுவலக வேலைக்குப் போகும்முன் தண்ணீரில் பாதியை மாற்றுவாள், திரும்பி வந்ததும் மருந்தைக் கலப்பாள். முதல் இரண்டு நாள் வெள்ளை நூல் நின்றது. வயிறு லேசாக வற்றியது போலவும் இருந்தது. அப்பாவிடம் சொன்னாள். ரொம்ப சந்தோஷம் என்றார், முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு.

அதற்குப் பிறகு வற்றவில்லை. பட்டினி கிடக்கிற மீனின் வயிறு நாளுக்கு நாள் பெருத்தது. ஹெட்விகா மருந்தின் அளவு தப்போ என்று மறுபடி கணக்குப் போட்டாள். உடம்பில் நீர் கோத்துவிட்டதோ என்று விளக்கடித்துச் செதிலைப் பார்த்தாள். கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டு அவர் தூக்கத்தையும் கெடுத்தாள். பட்டினி போட்டால் இறங்கியே ஆகவேண்டுமே என்று அவரும் குழம்பினார். அப்பா பின்னால் நின்று, சில மீன்களுக்கு அப்படித்தான், மெதுவாகத்தான் தேறும், நீ அவசரப்படாதே என்று ஆறுதல் சொன்னார். அவர் ஆறுதல் சொன்னபோதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். அப்பா ஆறுதல் சொல்லுகிற சாதி இல்லை.

அடுத்த வாரச் சனிக்கிழமை காலையில் சின்னத் தொட்டியின் வடிகட்டியிலிருந்து பஞ்சை எடுத்து வாளியில் பிழிந்தாள். பழுப்புத் தண்ணீரோடு சின்னச் சின்ன நார்கள் வந்தன. சிவப்பு நார்கள். விரலில் எடுத்து மோந்து பார்த்தாள். நேராகச் சமையலறைக்குப் போய் உறைபெட்டியைத் திறந்தாள். அப்பாவின் மாட்டு இதயப் பையில் ஒரு மூலை ஒடிந்திருந்தது. டிஸ்கஸுக்குப் போடுகிற அளவில் இல்லை, நகத்தளவு நகத்தளவாக, எலி கொறித்த மாதிரி.

பையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அவர் சோபாவில் செய்தித்தாளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். அவள் செய்தித்தாளைப் பிடுங்கினாள். அறிவில்லையா என்றாள். வயசானால் புத்தி பேதலிக்குமா என்றாள். நான் உப்பு போட்டு இறக்க இறக்க நீங்கள் பின்வாசல் வழியாக ஏற்றிக்கொண்டே இருந்தீர்களா, இது மனுஷன் செய்கிற வேலையா, மேயர் உங்களுக்கு என்ன துரோகம் செய்தது என்று கேட்டாள். பெற்ற அப்பனிடம் பேசக்கூடாத சிலவற்றையும் பேசினாள். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அவர் திருப்பிக் கத்தாததே அவளுக்கு மேலும் எரிச்சலாக இருந்தது.

"கொல்லணும்னு போடலடி," என்றார் கடைசியில். "ஒரு வாரம் தள்ளிப் போகட்டும்னுதான். அவன் தேறிட்டா நான் போகணும்ல."

"அப்படி என்னப்பா பயம், ஒரு டாக்டரைப் பார்க்க?"

"உங்க அம்மா ஆஸ்பத்திரிக்குள்ள நடந்துதான் போனா. காய்ச்சல்னு சொல்லிட்டுப் போனா. ஹேண்ட்பேக்கைக்கூட அவளேதான் தூக்கிட்டுப் போனா."

அந்தக் கைப்பை இப்போதும் ஹெட்விகாவின் அலமாரியில் இருக்கிறது. கோபம் மட்டும் போகவில்லை. அம்மாவை நினைத்து அழ வைத்துவிட்டு அதிலும் தப்பித்துக்கொள்கிற மனுஷனை என்ன செய்வது? இதயப் பையைக் குப்பையில் போட்டுவிட்டு, மேயருக்குத் தண்ணீரை மாற்றி, முதலிலிருந்து எல்லாவற்றையும் தொடங்கினாள்.

திங்கட்கிழமை காலை மேயர் அடியில் பக்கவாட்டில் கிடந்தது.

அவள் வலையால் எடுத்துத் தட்டில் வைத்தாள். அப்பா வந்து பார்த்தார். இனி என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். வயிறு இறங்கினால்தானே பந்தயம், இறங்கவில்லையே, ஆள் போய்விட்டானே, மிலோஷைக் கேள் என்பார். பீர்க்கடையே அவர் பக்கம்தான் பேசும். அவள் அதைக் கேட்கத் தயாராகக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவரோ சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்தார். சவர பிளேடை எடுத்து வந்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். சங்கத்துக்காரர்கள் செத்த மீனை அப்படியே தூக்கி எறிவதில்லை. எதனால் செத்தது என்று திறந்து பார்த்துவிட்டுத்தான் புதைப்பார்கள். வயிற்றுப்பக்கம் கோடு நேராக விழுந்தது. உள்ளே குடல் சிவந்து வீங்கி, அடைத்துக்கொண்டு, சில இடங்களில் கறுத்துப்போயிருந்தது. அவர் பிளேடின் முனையால் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் விளக்கவுரை நடக்கும், இது கல்லீரல், இது பித்தப்பை என்று. இன்று பிளேடு மட்டும் நகர்ந்தது.

செய்தித்தாளை மடித்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். தோள்வாரைச் சரிசெய்துகொண்டு கோட்டை எடுத்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க, மிலோஷ் கிட்ட நியாயம் கேக்கவா?"

"டாக்டர் கிட்ட." அவர் குனிந்து காலணியைப் போடப் பார்த்தார். வயிறு குனிய விடவில்லை. "என்னையும் செத்தப்புறம்தான் தெறந்து பாக்கணுமா? உசிரோட இருக்கறப்பவே பாக்கட்டும்."

ஹெட்விகா மண்டியிட்டு அவர் காலணியைக் கட்டிவிட்டாள். இந்தப் புத்தி ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் ஒரு மீன் மிஞ்சியிருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் கட்டினாள். தபால் அலுவலகத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு அவரோடு டிராம் ஏறினாள். பீர்க்கடை நிறுத்தம் வந்தபோது அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் எழுந்திருக்கவே இல்லை.

கோலாஷோவா அவரைக் கட்டிலில் படுக்க வைத்து வயிற்றை அங்கங்கே அழுத்தினார், விரலால் தட்டிக் கேட்டார். அப்பா மேற்கூரையைப் பார்த்தபடி கிடந்தார். சாப்பாடெல்லாம் எப்படி என்று டாக்டர் கேட்டார். ஹெட்விகா வாயைத் திறந்தாள். அப்பா இப்போது நன்றாகத்தான் சாப்பிடுகிறேன் என்று சொல்லப்போகிறார், அதை அடித்துப் பேசவேண்டும் என்று காத்திருந்தாள்.

"வாயில எடுக்கறேன் டாக்டர். முழுங்க முடியல. மக பாக்காதப்போ துணியில துப்பிடறேன்."

"எவ்வளவு நாளா?"

அவர் மகள் பக்கம் திரும்பவில்லை.

"அக்டோபர்லேருந்து," என்றார்.

அக்டோபரிலிருந்து ஒவ்வொரு நாளும் ஹெட்விகா அவருக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்கிறாள்.