நாற்பத்தெட்டாம் வளைவில் விழுந்த கலர்

1999ஆம் வருஷம் ஆனி மாதம் பதினேழாம் தேதி சாயங்காலம் ஏழே முக்காலுக்கு, வாழவந்தி நாட்டுப் பஞ்சாயத்து டி.வி.க்குள் அழுதுகொண்டிருந்த ஹேமலதா, வெளியே உட்கார்ந்திருந்த இருசாயி கேட்ட கேள்விக்கு அழுகையை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னாள். அன்றைக்குப் பலாப்பழம் ஒன்று பன்னிரண்டு ரூபாய்க்குப் போனது. ராசிபுரம் பஸ் முக்கால் மணி நேரம் லேட்.

அந்த டி.வி. மலை ஏறியது 1997இல். அடிவாரத்தில் ஜீப்பில் ஏற்றும்போது அது கலர் டி.வி.தான். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் நாற்பத்தெட்டாவதில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியதில் கலர் மட்டும் கழன்று உண்ணிப் புதருக்குள் விழுந்துவிட்டது. ஜீப் ஓட்டிய அண்ணாமலை அதைக் கண்ணாடியில் பார்த்தான். பின்னால் லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்காததால் நிறுத்தவில்லை. ஆக, மலைக்கு வந்து சேர்ந்தது கறுப்பு வெள்ளை. யாரும் குறை சொல்லவில்லை. படம் தெரிகிறதல்லவா.

டி.வி. ரூம் சாவி குப்புசாமியிடம் இருந்தது. மிளகுக்கொடி வைத்திருப்பவர், இருசாயியின் அண்ணன், மலையிலேயே அதிகம் படம் பார்த்தவர். முற்போக்கு வசனம் என்றால் அவருக்கு உயிர். கதாநாயகன் பெண் விடுதலை பேச ஆரம்பித்தால் முன்வரிசையில் எழுந்து நின்றுவிடுவார். பின்னால் இருப்பவர்களுக்கு விடுதலை அவர் முதுகாகத்தான் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் கதாநாயகன் ஆணும் பெண்ணும் சமம் என்று பத்து நிமிஷம் பேசிவிட்டு, படித்த திமிரில் எதிர்த்துப் பேசிய கதாநாயகியைக் கன்னத்தில் ஒன்று விட்டான். ரூமே விசில் அடித்தது. இதை எழுதுகிறவனும் அடித்தான், மறைப்பதற்கில்லை. இருசாயிதான், "ஏனுங்ண்ணா, பத்து நிமிசம் சமம்னு பேசுன வாயி அவனோடதுன்னா, இப்ப அடிச்ச கையி யாரோடதுங்க?" என்று கேட்டாள். "அது அன்புல அடிக்கறது கண்ணு" என்றார் குப்புசாமி. இன்னொரு படத்தில் பெரிய இடத்துப் பையன் ஏழைக் குடிசையில் உட்கார்ந்து கூழ் குடித்தான், வயலின்கள் பொங்கின, குப்புசாமி துண்டால் கண்ணைத் துடைத்தார். பக்கத்து ஊட்டுச் சென்னம்மாள், "தின்னவன் மூஞ்சிய மூணு தடவ காட்டறான். ஊத்துனவ மூஞ்சிய ஒரு தடவ காட்டுனா கரண்டு போயிருமாக்கு" என்றாள்.

இந்தச் சென்னம்மாள் அப்போது மூன்றாவது புருஷனோடு இருந்தாள். முதலாமவர் செத்துப்போனார். இரண்டாமவர் விட்ட குறட்டையில் கோழிகள் முட்டை வைப்பதை நிறுத்தியதால் அவரை அவளே நிறுத்திவிட்டாள். மலையில் இதெல்லாம் மழைக்குக் குடை பிடிப்பது மாதிரி. புருஷன் இல்லாதவளைக் கட்டிக்கொள்ள நினைப்பவன் ஒரு சீலையும் தட்டு நிறைய வெற்றிலையும் கொண்டுவந்து வைப்பான். அவளுடைய அண்ணன் ஒரு வெற்றிலையை எடுத்து வாயில் போட்டு மென்றால் கல்யாணம் முடிந்தது, சாப்பிடப் போகலாம். இதற்குப் புரட்சி என்று பெயர் இருப்பது டி.வி. வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். தெரிந்த நாளிலிருந்து குப்புசாமிக்கு ஒரு கவலை: இத்தனை பெரிய புரட்சியை இவ்வளவு நாளாக இப்படி வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறோமே.

இருசாயியின் புருஷன் மஞ்சக்காமாலையில் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. 1999 தை மாதம் ஜீப்புக்கார அண்ணாமலை சீலையும் வெற்றிலைத் தட்டும் கொண்டுவந்து வைத்தான். இருசாயிக்குச் சம்மதம், அவள் அன்று குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டதிலேயே அது ஊருக்குத் தெரிந்துவிட்டது. குப்புசாமி வெற்றிலையைத் தொடவில்லை.

"மறுமணம்ங்கறது சாதாரண காரியமா அம்மிணி? முதல்ல நீ கொஞ்ச நாளைக்கு வெள்ளச் சீல கட்டி மூலைல உக்காரோணும். ஊரு ஏசோணும். அப்பறம் நான் நாலு பேரு முன்னால நின்னு பேசோணும். அதானே முறை?"

"ஊரு ஏசலீன்னா என்னங்ண்ணா பண்றது?"

"ஏசச் சொல்லிப் பாக்கறேன்."

சொல்லியும் பார்த்தார். வீடு வீடாகப் போய்த் தன் தங்கச்சியைக் கொஞ்சம் ஏசும்படி கேட்டுக்கொண்டார். மிளகு பறிக்கிற நேரம், யாருக்கும் ஒழியவில்லை. நாமக்கல்லில் அவர் வாங்கிவந்த வெள்ளைச் சீலையால் இருசாயி பலாப்பழத்தை ஈ மொய்க்காமல் மூடி வைத்தாள். கடைசியில் குப்புசாமி ஒரு முடிவுக்கு வந்தார். ஏழரை மணித் தொடரில் ஹேமலதா என்றொரு விதவை அழுதுகொண்டிருந்தாள், அவள் எதிரில் ஒரு முற்போக்குப் பேராசிரியர் பேசிக்கொண்டிருந்தார். "பேராசிரியரு அவளுக்காவத்தான் பேசிட்டிருக்காரு. அந்தப் புள்ளைக்கு ஒரு வழி பொறக்கட்டும், அடுத்த நாளே நான் வெத்தல எடுக்கறேன்" என்றார். அண்ணன் மெல்லாமலே அண்ணாமலையோடு கிளம்பிப் போய்விடலாம் என்று சென்னம்மாள் யோசனை சொன்னாள். இருசாயி மாட்டேன் என்றாள். அப்பன் ஆத்தாள் இல்லாமல் அந்த அண்ணன் தோளிலேயே வளர்ந்தவள் அவள். அண்ணாமலை வெள்ளிக்கிழமைதோறும் வாடிய வெற்றிலையை மாற்றிப் புது வெற்றிலை வைத்துவிட்டுப் போனான்.

பேராசிரியர் விதவைகளின் துயரத்தைப் பற்றி மேலும் நூறு நாள் பேசினார். அண்ணாமலைக்குக் காதோரம் நரைக்க ஆரம்பித்தது. இப்படியே போனால் தொடர் முடிவதற்குள் தன் கல்யாணத்துக்கு ஊன்றுகோல் வாங்க வேண்டியிருக்கும் என்று கண்ட இருசாயி, ஆனி பதினேழு அன்று திரையைப் பார்த்து, "ஏனுங்க, அந்த வாத்தியாரே பேசிட்டிருக்காரே, உங்குளுக்கு என்ன வேணும்னு ஒருத்தருங் கேக்கலீங்களா?" என்றாள்.

ஹேமலதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள். "கேக்கலைங்க. எனக்கு எழுதிக் குடுக்கறதே அழுகை மட்டுந்தான். நேத்து 'தண்ணி வேணும்'னு ஒரு வசனம் இருந்துச்சு. அதையும் வெட்டிட்டாங்க."

சென்னம்மாள் எழுந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து டி.வி. முன்னால் வைத்தாள். ஒரு கை வெளியே வந்து வாங்கிக்கொண்டது. அதன்பின் தினமும் பேராசிரியர் பேசும் நேரத்தில் இருசாயியும் ஹேமலதாவும் தாழ்ந்த குரலில் ஊர்க்கதை பேசினார்கள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, சமுதாயம் என்ற சொல் ஏழாவது தடவை வந்தபோது, ஹேமலதா அவரைப் பார்த்து, "கொஞ்சம் நகருங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பெட்டியின் விளிம்பில் கால் வைத்து இறங்கிவிட்டாள். பேராசிரியர் கவனிக்கவில்லை, காலி நாற்காலியிடம் தொடர்ந்து பேசினார். கீழே நாமக்கல் பக்கம் அவள் 2001 வரைக்கும் அழுததாகச் சொல்கிறார்கள். எங்கள் டி.வி.யில் நாற்காலிதான். நாற்காலி நன்றாக நடித்தது என்பது சென்னம்மாள் கருத்து.

இறங்கியவள் கறுப்பு வெள்ளையாக இருந்தாள். வாழைத்தாருக்குப் பக்கத்தில் நின்றபோது பார்க்கப் பாவமாக இருந்தது. மறுநாள் காலை அண்ணாமலை ஜீப்பில் நாற்பத்தெட்டாம் வளைவுக்குப் போய்ப் பார்த்தான். கலர் அங்கேயேதான் கிடந்தது. இரண்டு மழைக்காலம் நனைந்ததில் கொஞ்சம் சாயம் போயிருந்தது, நீலத்தில் பாதியை மீன்கொத்தி கொண்டுபோயிருந்தது. மிச்சத்தைக் கோணிச்சாக்கில் அள்ளி வந்தான். ஹேமலதா பூசிக்கொண்டாள். இடது முழங்கைக்கு மட்டும் போதவில்லை.

"ண்ணா, அவங்குளுக்கு வழி பொறந்துருச்சு" என்றாள் இருசாயி.

"எங்க பொறந்துச்சு? கல்யாணம் ஆவுலியே. மாப்பள பாக்கோணும், நான் பேசோணும்" என்று குப்புசாமி பையிலிருந்து நாலு பக்கப் பேச்சை எடுத்தார். ஹேமலதா அவரைப் பேசவிடவில்லை. அவள் நிறைய பேச்சுக் கேட்டிருந்தாள்.

"அண்ணா, எனக்கு மாப்பிள்ளை வேண்டாம். கொஞ்ச நாள் அழாம இருந்து பாக்கணும், அவ்வளவுதான். உள்ள இருந்து நான் உங்களைத் தினமும் பாத்திருக்கேன். நான் அழுதப்பல்லாம் நீங்களும் அழுதீங்க. நல்ல மனசு. ஆனா உங்களுக்குப் பின் வரிசைல உங்க தங்கச்சியும் அழுதுட்டிருந்தாங்க. நீங்க ஒரு நாள்கூடத் திரும்பிப் பாக்கலை."

குப்புசாமி அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். இருசாயி நின்றிருந்தாள். கழுத்து அந்தப் பக்கம் பழக்கமில்லாததால் அவருக்குச் சுளுக்கிக்கொண்டது. மூன்று நாள் அப்படியே தங்கச்சியைப் பார்த்தபடிதான் நடமாடினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணாமலை புது வெற்றிலையோடு வந்தான். குப்புசாமி நாலு பக்கத்தையும் கையில் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். சோறு ஆறிப்போகும் என்று தெரிந்தும் ஊர் சகித்துக்கொண்டு உட்கார்ந்தது. ஆனால் முறைப்படி முதலில் வெற்றிலை. ஒன்று எடுக்க வேண்டிய இடத்தில், விட்டுப்போன வெள்ளிக்கிழமைக்கெல்லாம் சேர்த்து இருபத்து மூன்றை எடுத்து மடித்து வாய்க்குள் தள்ளினார். மென்றார். முதல் பக்கத்தை விரித்தார். வாய் திறந்தால் வெற்றிலைச் சாறுதான் வந்தது. காகிதத்தை மடித்துத் தங்கச்சி கையில் கொடுத்து, அவள் தலையில் கை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணன்காரனை வெற்றிலை மெல்ல வைத்துக் கல்யாணம் முடிக்கும் முறையை எங்கள் முன்னோர் ஏன் கண்டுபிடித்தார்கள் என்பது அன்றுதான் விளங்கியது.

"இன்னிக்குத்தான் குப்பு நல்லாப் பேசுன" என்றாள் சென்னம்மாள்.

இருசாயியும் அண்ணாமலையும் இப்போது மலையிலேயே ஆலத்தூர் நாட்டில் இருக்கிறார்கள், அன்னாசி போட்டிருக்கிறார்கள். 2003இல் புது டி.வி. வந்தது, கலர் ஒரு வளைவிலும் விழவில்லை. குப்புசாமி கடைசி வரிசைக்கு மாறிக்கொண்டார். வசனம் வந்தால் இன்றும் எழுந்துதான் நிற்கிறார், யாருக்கும் மறைக்கவில்லை. ஹேமலதாவுக்கு ரேஷன் கார்டு வந்துவிட்டது, நிறம் என்று ஒரு கட்டம் அதில் இல்லாததால் சிக்கலும் இல்லை. பழைய பழக்கம் ஒன்றே ஒன்று போகவில்லை: அவள் கண்ணில் நீர் வந்தால் எங்கிருந்தோ வயலின் கேட்கும். மாலையில் வயலின் கேட்டால் வாழவந்தி நாட்டில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஹேமலதா ஊட்டுல இன்னிக்கு வெங்காயக் குழம்பு என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள்.