"வண்டிக்கு என்னாச்சு?"

விடிவதற்கு முன்பே லாரி வந்து நின்றுவிட்டது. பின்கதவைத் திறந்ததும் அடைபட்டுக் கிடந்த பெட்ரோல் வாடை சுமைக்காரர்களின் முகத்தில் அடித்தது. உள்ளே சாக்கு சுற்றிய இருசக்கர வண்டிகள் கயிற்றால் பிணைக்கப்பட்டு, மூச்சுவிட இடமின்றி நின்றன. ஊர் மாறிப் போகிறவர்களின் வண்டிகளைக் கொண்டுவந்து சேர்க்கும் கம்பெனி அது. பனியில் நனைந்த கயிற்று முடிச்சுகள் விரலுக்கு மசியவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தார்கள். உதடு கிழிந்தவன் துப்பிவிட்டு அடுத்த முடிச்சுக்குப் போனான்.

லாரிக்கும் தரைக்கும் நடுவே ஒரு சரிவுப் பலகை. அதன் வழியாகத்தான் ஒவ்வொரு வண்டியாக இறக்க வேண்டும். அதன் நடுவில் விரிசல். மேஸ்திரி முதலாளியிடம் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டார்.

"பலகை தாங்குது மேஸ்திரி. உங்க ஆளுங்களுக்குத்தான் உடம்பு தாங்கல" என்று சொல்லிவிட்டுப் போவார் முதலாளி. ஒருநாள் விரிசலின் மேல் தகரத்தை வைத்து அடிக்கச் சொன்னார். அதோடு சரி.

இறங்கும் வண்டிக்குக் கீழே நின்று தோள்கொடுப்பவன் நெட்டை. பெற்றவர்கள் வைத்த பெயரை அவனே மறந்திருப்பான். "நெட்டை இருக்கும்போது பலகை எதுக்கு? அவன் முதுகு மேலேயே உருட்டி விடலாம்" என்று கேலி பேசுவார்கள். அவனும் குனிந்து முதுகைக் காட்டுவான்.

அன்று கடைசியாக வந்தது, பின்னால் இரு பக்கமும் கூடுதல் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். நடக்க முடியாதவர்கள் ஓட்டுவது. மற்ற வண்டிகளைவிடக் கனம்.

"பாத்து விடுங்கப்பா. யாரோட காலோ இது" என்றான் நெட்டை.

பாதிவழியில் பலகை முறிந்தது. அவன் விலகியிருக்கலாம். வண்டியைத் தாங்கத்தான் கையை நீட்டினான். மொத்தக் கனமும் அவன் வலது கால்மேல் இறங்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம் லாரிக்குள் நின்றவர்களுக்கும் கேட்டது.

முதலாளி அறையிலிருந்து ஓடிவந்தார்.

"வண்டிக்கு என்னாச்சு?"

குனிந்து ஸ்கூட்டரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். முன்சக்கரம் கோணியிருந்தது, விளக்கு தூள். உச்சுக்கொட்டினார். அதன் பிறகே கீழே கிடந்தவன் கண்ணில் பட்டான்.

"ஐயா, உங்க கார்ல தூக்கிட்டுப் போயிடலாம்" என்றார் மேஸ்திரி.

"சீட்டெல்லாம் ரத்தமாயிடும். ஆட்டோவைப் பாருங்க."

அந்த நேரத்தில் ஏது ஆட்டோ? சாமான் தள்ளும் கைவண்டியில் நெட்டையைப் படுக்கவைத்து, மெயின்ரோடு வரை தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் அவன் கத்தினான். பிறகு கத்தவில்லை. கார் தன் கொட்டகையில் துடைத்துவைத்தபடி நின்றிருந்தது. "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர்.

மறுநாள் அந்த ஸ்கூட்டருக்குச் சொந்தக்காரி வந்தாள். தையல்காரி. இந்த ஊரில் ஒரு துணிக் கம்பெனியில் வேலை கிடைத்து, தான் பஸ்ஸிலும் வண்டி லாரியிலுமாகக் கிளம்பியவள். போன் போட்ட போதெல்லாம் "இன்னைக்கு வந்துடும், நாளைக்கு வந்துடும்" என்றே லாரிக் கம்பெனிக்காரர்கள் இழுத்தடித்தார்கள். வேலை கொடுத்தவர்களும் வேறு ஆளைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஆட்டோ உள்ளே வரக்கூடாது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கைகளில் செருப்பை மாட்டிக்கொண்டு, எண்ணெய்ச் சேற்றில் தவழ்ந்து வந்தாள். நாற்காலி போடு என்று யாரும் சொல்லவில்லை. அவளிடம் வாய் திறக்கக்கூடாது என்பது முதலாளியின் உத்தரவு.

மூலையில் கிடந்த ஸ்கூட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னங்க இது?" என்றாள்.

"என்னம்மா பண்றது? குடிகாரப் பய ஒருத்தன் போட்டு உடைச்சுட்டான்" என்றார் முதலாளி. "அவன் மேல போலீஸ்ல ஒரு புகார் குடுங்க. அப்புறம் பாருங்க, என் செலவுல வண்டியைப் புதுசாக்கித் தர்றேன்."

"நான் பாக்கலையே சார்."

"மேஸ்திரி பாத்தாரு. சாட்சி சொல்லுவாரு."

மேஸ்திரி தரையைப் பார்த்தார்.

"புகார் குடுக்கலைன்னா?"

"வண்டி இப்படியேதான் கிடக்கும். கோர்ட்டுக்கு நடையா நடக்கணும்." முதலாளி அவள் கால்களைப் பார்த்துச் சிரித்தார். "உங்களால ஆகுமா?"

அப்போதுதான் நெட்டையின் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து நின்றாள். தலைகூட வாரியிருக்கவில்லை.

"ஐயா, அவருக்குக் காலை எடுத்துட்டாங்க. எங்கே அடிபட்டுச்சுன்னு ஆஸ்பத்திரியில கேக்கறாங்க. வேலை செய்யும்போதுதான்னு நீங்க ஒரு வார்த்தை வந்து சொல்லணும்."

"வேலையில ஏது அடி? போதையில விழுந்தான்."

"அவரு அதைத் தொடவே மாட்டாருங்க!"

"என்ன இப்போ, ஒரு காலுதானே போச்சு? இதோ, இந்தம்மாவைப் பாரு. ரெண்டும் வெளங்காம பொழைக்கலையா?"

லாரியில் வண்டி ஏற்றிக்கொண்டிருந்த சுமைக்காரர்களின் கைகள் நின்றன.

தையல்காரி தரையிலிருந்தபடியே நிமிர்ந்தாள். "நான் எப்படிப் பொழைக்கிறேன்னு உங்களுக்கு என்ன சார் தெரியும்?" பிறகு திரும்பி, "தங்கச்சி, என் வண்டியை இறக்கினது உன் வீட்டுக்காரரா?" என்றாள்.

"ஆமாக்கா. நேத்து மயக்கம் தெளிஞ்சதும் அந்த வண்டி தப்பிச்சுதான்னுதான் கேட்டாரு."

தையல்காரி சுமைக்காரர்களைப் பார்த்தாள். "அண்ணே, உங்களைத்தான். அவர் குடிச்சிருந்தாரா?"

முதலாளி தொண்டையைச் செருமினார். மேஸ்திரிக்குக் கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள் உண்டு, வாடகை வீடு. ஆனாலும் அவர் வாயைத் திறந்தார்.

"இல்லம்மா. பலகை முறிஞ்சுது. விரிசல் விட்ட பலகை. மாத்துங்கன்னு கேட்டோம். மாத்தல. காரைக் கேட்டோம். குடுக்கல."

"மேஸ்திரி! நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

"நாளைக்கு என்னங்க நாளைக்கு? இப்பவே வேலை செய்யல."

தலைத்துண்டை அவிழ்த்துச் சேறில்லாத இடத்தில் விரித்து, "இப்படி உக்காரும்மா" என்றார். பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். பாதி ஏற்றிய வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு ஒருவன் வந்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும். நல்ல பலகை வேண்டும், நெட்டைக்கு நியாயம் வேண்டும், இந்தம்மாவின் வண்டி சரியாக வேண்டும்; அதுவரை ஒரு வண்டியும் ஏறாது, இறங்காது என்றார்கள்.

"ஏம்மா, புகார் குடுக்கப் போறியா இல்லையா?" என்று கத்தினார் முதலாளி.

"குடுப்பேன் சார். யார் மேலங்கிறதுதான் மாறிப்போச்சு."

வெயில் ஏறியபோது, முதலாளியின் இன்னொரு கிடங்கிலிருந்து வேனில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். சேதி தெரியாத ஆட்கள். உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி லாரியை நோக்கி நடந்தார்கள். இருவர் ஏறியும்விட்டார்கள். நெட்டையின் மனைவி அழுகையை விழுங்கிக்கொண்டு, நடந்ததை அவர்களுக்குச் சொன்னாள். லாரி மேலிருந்த ஒருவன் மட்டும், "எந்த ஆஸ்பத்திரிங்கக்கா?" என்று கேட்டான்.

"போலீஸ் வந்துக்கிட்டிருக்கு!" என்று முதலாளி போனை ஆட்டிக் காட்டினார். "எல்லாரையும் உள்ளே தள்றேன்."

"வரட்டும் சார்" என்றாள் தையல்காரி. "எனக்கு ஸ்டேஷனுக்குப் போற அலைச்சல் மிச்சம்."

வேனில் வந்தவர்களில் யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். ஆஸ்பத்திரியைக் கேட்டவன் லாரியிலிருந்து குதித்தான். கையைத் துடைத்துக்கொண்டு மேஸ்திரி அருகில் வந்தான்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே" என்றான்.