மீன் தட்டில் ஒரு மலைச்சரிவு

"அது கீரை இல்ல சித்தப்பா."

"எனக்குத் தெரியும்மா. அந்த அம்மாவுக்குத் தெரியலையே. மீனோட சேர்த்து ரெண்டு இலை ஓசியா கேட்டாங்க."

"குடுத்துட்டீங்களா?"

"பழகின வாடிக்கை. முகத்துல அடிச்ச மாதிரி எப்படி இல்லேன்னு சொல்றது?"

தோட்டக்காரி மீன் கடைத் தட்டில் இருந்த தொட்டிச் செடியின் மேல் குனிந்து எண்ணிப் பார்த்தாள். பதினோரு இலைகளில் ஒன்பதுதான் மிச்சம். நல்லவேளையாக நடுவிலிருந்த மொட்டு தப்பியிருந்தது.

அந்த ஒற்றை மொட்டைத்தான் அவள் மலைபோல நம்பியிருந்தாள். உயரே, மரங்கள் முடிந்து வெறும் கல் தொடங்கும் இடத்தில், அவள் வேலை பார்க்கும் தாவரத் தோட்டத்துக்கு ஓர் ஆய்வுக் குடில் இருக்கிறது. அங்கே ஓர் ஆள் தேவைப்பட்டது. மனு போட்டாள். எல்லோரும் முதுகுக்குப் பின்னால் பூதக்கண்ணாடி என்று அழைக்கும் கண்காணிப்பாளர், மனுவை அப்படியே திருப்பி நீட்டினார்.

"முதல்ல கல்நீலத்தை இங்க பூக்க வைங்க. அப்புறம் மலையேறலாம்."

பதினாறு வருஷமாக எவர் கையிலும் பூக்காத செடி அது. முடியாது என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

கல்நீலம் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மலைச்சரிவின் கல்லிடுக்கில், மண் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும் ஒரு பிடி தூசியில் வேர் விட்டு, வருஷத்தில் எட்டு மாதம் பனிக்கடியில் தூங்கும். பனி உருகி, சில்லென்ற தண்ணீர் வேரை உரசிக்கொண்டு ஓடத் தொடங்கியதும் கண் விழித்து, ரயிலைத் தவறவிடப் போகிறவன் போல அவசர அவசரமாகப் பூத்து முடிக்கும். தோட்டத்திலோ அதற்கு ராஜ உபசாரம். உரம், நிழல், வெதுவெதுப்பான கண்ணாடி வீடு. உட்கார்ந்து தின்று கொழுத்து இலை இலையாகத் தள்ளியதே தவிர, பூக்கிற எண்ணமே அதற்கு வரவில்லை.

கொஞ்சம் கஷ்டப்பட்டால்தான் இது திருந்தும் என்று தோட்டக்காரிக்குப் பட்டது. நகரத்தில் அந்த மாதிரிக் கஷ்டத்துக்கு எங்கே போவது என்று யோசித்தபோதுதான் சித்தப்பாவின் மீன் கடை ஞாபகம் வந்தது.

தொட்டியிலிருந்த கொழுத்த மண்ணைக் கொட்டிவிட்டுச் சரளைக் கல் நிரப்பினாள். கடையின் குளிர் அறை மூலையில் நான்கு மாதம் செடி பனிக்கட்டிக்குள் கிடந்தது. பிறகு அதைக் கடை முகப்பின் சாய்ந்த தட்டில், மீன்களுக்கு மேல் வரிசையில் உட்கார வைத்தாள். மீன் தண்ணீர் படக்கூடாதே. பின்னால் நொறுக்கிய பனிக்கட்டி, தலைக்கு மேல் குழல் விளக்கு, வேரடியில் ஓயாமல் வழியும் பனிநீர். வீட்டுக்கு வந்துவிட்டதாக நினைத்துச் செடி ஏமாந்தது. மொட்டு விட்டது.

இலை பறிபோன மறுநாள் காலை சித்தப்பா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"உன் கீரை நீலமாயிடுச்சு. கெட்டுப்போச்சா என்னன்னு வந்து பாரு."

ஓடினாள். கட்டைவிரல் நகமளவு பூ, மழை விட்ட வானத்தின் நிறத்தில். இதைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் வெயிலில் ஒரு தெருவைத் தாண்டுவதற்குள் சுருண்டுவிடும். ஆகவே பூதக்கண்ணாடியை வரவழைத்தாள். "ஒரு சரிவுல கல்நீலம் பூத்திருக்கு சார், உடனே வாங்க" என்று முகவரி சொன்னாள். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

அவர் மலையேறும் காலணியும் கழுத்தில் தொங்கும் தண்ணீர்க் குடுவையுமாக வந்து இறங்கினார். எதிரே மீன் கடை. கைக்குட்டை தானாக மூக்குக்குப் போனது. அவருக்கு மீன் வாடையே ஆகாது.

"இங்கயா?"

"வாங்க சார். இன்னிக்கு வந்த மீன். கண்ணைப் பாருங்க, உங்களையேதான் பாக்குது" என்றார் சித்தப்பா.

பூதக்கண்ணாடி தட்டின் மேல் வரிசையைப் பார்த்துவிட்டார். அதன்பின் அவர் காதில் எதுவும் விழவில்லை. பக்கத்தில் போய்க் குனிந்தார். வாசலிலிருந்து குப்பென்று அனல்காற்று வீசியது. பதறிப்போய் வலது கையைக் குவித்துப் பூவுக்கு மறைப்புக் கட்டினார். இடது கை மூக்கிலேயே இருந்தது.

"கையை மட்டும் எடுத்துராதீங்க சார், வாடிரும்" என்றார் சித்தப்பா அக்கறையாக.

தோட்டக்காரி மனுவின் மடிப்பைப் பிரித்தாள். பேனா மூடியைக் கழற்றினாள். இரண்டையும் பணிவாக அவர் முன்னால் நீட்டினாள்.

"இதுல ஒரு கையெழுத்து போட்டுடுங்க சார்."